படம்னா நிக்கணும்

அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தியதற்குக் காரணம் ஒரு புள்ளி. வெளிச்சப் புள்ளி. டிவிப் பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் அது இடமிருந்து வலமாக ஓடி ஒரு கோடு போடும், திரும்பி வந்து அதற்குக் கீழே இன்னொரு கோடு போடும். கோடு கோடாக அடிவரை இறங்கி மறுபடி மேலே தாவும். கண் சிமிட்டுவதற்குள் இத்தனையும் நடந்து முடிவதால் நமக்கு முழுப்படம் தெரிகிறது. உண்மையில் எந்தக் கணத்திலும் அங்கே முழுப்படம் கிடையாது. ஓடுகிற புள்ளிதான் உண்டு, மிச்சமெல்லாம் நம் கண் செய்கிற வேலை.

இதை நான் வேலைக்குச் சேர்ந்த டிவி நிலையத்தில் தெரிந்துகொண்ட அன்று மாலையே வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அப்ப அங்க படமே இல்ல," என்றார் அப்பா.

"இருக்குப்பா. ஒரே நேரத்துல இல்ல, அவ்வளவுதான்."

"படம்னா நிக்கணும். நிக்காதது படம் இல்ல. இல்லாத படத்துக்கு வேலை செய்யத்தான் ஸ்டுடியோவ விட்டுட்டுப் போனியா?"

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அப்பாவுக்கும் அப்படித்தான். விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா? நான் ஏதோ சொன்னேன், அவர் ஏதோ சொன்னார். அதோடு சரி. அன்றிலிருந்து எனக்கான சேதிகள் எல்லாம் அம்மா வழியாக வந்தன. நான் எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போதே, "உப்ப இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு அவள," என்பார். அம்மா உப்பைத் தானே எடுத்து வைத்துவிட்டு, "நடுவுல நான் என்ன தந்திக் கம்பமா?" என்று கேட்பாள்.

அப்பாவின் ஸ்டுடியோ எங்கள் வீட்டின் கீழ்த்தளத்திலேயே, நாங்கள் குடியிருக்கும் அறைகளுக்கு முன்னால். முன்னறையில் ஒரு நாற்காலி, படிக்கட்டும் தூணும் வரைந்த திரை, மூன்று கால்களில் நிற்கும் பெரிய மரக் கேமரா. அந்தக் கேமராவுக்கு எங்கள் வீட்டில் 'பெரியவர்' என்று பெயர். பெரியவரைத் துடைத்தாயா, பெரியவருக்குத் துணி போர்த்தினாயா என்றுதான் கேட்போம். பின்னால் இருட்டறை. அதற்குள் அப்பாவின் சட்டங்கள் கடுமையானவை. உள்ளே ஆள் இருந்தால் கதவைத் தட்டி, வரலாமா என்று கேட்டு, உள்ளே இருப்பவர் சரி என்ற பிறகுதான் திறக்க வேண்டும். கடவுளே வந்தாலும் காத்திருக்க வேண்டும். இன்னொரு சட்டம், நெகட்டிவ் எவ்வளவு கெட்டுப் போனாலும் அழிக்கக் கூடாது. உறை போட்டு, தேதி எழுதி, அலமாரியில் வைக்க வேண்டும். நெகட்டிவைக் கிழிக்கிறவன் படக்காரன் இல்லை என்பார்.

மாடியில் அத்தையும் மாமாவும் இருந்தார்கள். அத்தை அப்பாவின் தங்கை. மாமா கல்யாணங்களுக்குப் போய்ப் படமெடுப்பவர். ஃபிளாஷ் இல்லாமல் அவரால் தும்மக்கூட முடியாது. ஒரு தடவை பிறந்தநாள் கேக்கில் மெழுகுவர்த்தி எரிவதை ஃபிளாஷ் போட்டு எடுத்து வந்தார். படத்தில் மெழுகுவர்த்திகள் இருந்தன, சுடர்கள் செத்துப்போயிருந்தன. "விளக்கப் படம் எடுக்க விளக்கு எதுக்குய்யா?" என்று அப்பா அவரை அன்று முழுக்க வறுத்து எடுத்தார். மாமா எதையும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார், பாடத்தையும் சேர்த்துத்தான். அவர்தான் எங்கள் வீட்டில் முதலில் டிவி வாங்கியது. அது மாடி ஏறிய நாளிலிருந்து அப்பா மாடி ஏறுவதை விட்டுவிட்டார்.

நிலையத்தில் என் வேலை அட்டை எழுதுவது. 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று அழகாக எழுதி வைப்பேன். தடங்கல் வந்ததும் அதைக் கேமராவுக்கு முன்னால் நிறுத்துவார்கள். ஆக, என் கையெழுத்து ஏற்கெனவே ஊருக்கே பழக்கம். ஒரு வாரம், அறிவியல் பேச வேண்டிய பேராசிரியருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நிகழ்ச்சி அதிகாரி சுற்றுமுற்றும் பார்த்தார். நான்தான் அகப்பட்டேன்.

"நீ போட்டோக்காரர் வீட்டுப் பொண்ணுதானே? படம் எப்படி வந்துச்சு, டிவி எப்படி வந்துச்சுன்னு கால் மணி நேரம் பேசேன்."

"பதிவு பண்ணுவீங்களா சார்?"

"டேப்பா? பெரிய மனுஷங்க பேச்சையே அடுத்த வாரம் அழிச்சுட்டு அதுமேல வேற பதியறோம். நீ நேரா பேசு. போறது காத்தோட போகட்டும்."

எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் உடனே அப்பாவின் முகமும் கூடவே வந்தது. நான் பேசப்போவதெல்லாம் அவர் சொல்லி நான் கேட்டவை. அவர் பார்க்காமல் ஊர் பார்த்து என்ன பயன்?

நிலையத்துக்குப் பக்கத்தில் பெண்கள் விடுதியில் ஓர் அறை காலியாக இருந்தது. அம்மாவிடம் சமையலறையில் வைத்துச் சொன்னேன்.

"நான் டிவில பேசற அன்னிக்கு அப்பா மாடி ஏறி வந்து பாத்தா நான் இங்கயே இருக்கேன். இல்லன்னா பெட்டியக் கட்டிடுவேன்."

அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "இத அவர்கிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லவே கூடாது. சொன்னா வந்துடுவார். தானா வரணும்."

"நல்லா இருக்குடி உன் நியாயம்," என்றாள் அம்மா. ஆனால் சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினாள்.

பேச்சில் காட்டுவதற்குப் பெரியவரைக் கேட்டுப் பார்த்தேன், அம்மா வழியாகத்தான். "பெரியவர் வேஷம் கட்டப் போக மாட்டார்னு சொல்லு," என்று பதில் வந்தது. சரி, போகட்டும். ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து, அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, வாயில் எண்ணெய் தடவிய தாளை ஒட்டினேன். அதுவும் கேமராதான். பெரியவருக்குப் பாட்டன்.

நிகழ்ச்சி அன்று ஸ்டுடியோவில் அடுப்படி மாதிரி சூடு. தலைக்கு மேலே விளக்குகள், முகத்தில் ஒரு விரற்கடை பவுடர். எதிரே லென்ஸ். அப்பா படமெடுக்கும்போது, "மோவாயக் கொஞ்சம் தூக்குங்க, ஆங், அப்படியே," என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். எதிரே ஒரு மனிதர் இருக்கிறார் என்று தெரியும். இங்கே ஒரு கண்ணாடி வட்டம், அதன்மேல் ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள், யார் எழுந்து போய்விட்டார்கள், ஒன்றும் தெரியாது. சிவப்பு விளக்கு எரிந்தது. பேசினேன்.

இருட்டு அறையின் சுவரில் சின்ன ஓட்டை இருந்தால் வெளியே இருக்கும் தெரு எதிர்ச்சுவரில் தலைகீழாக வந்து விழும் என்பதில் தொடங்கினேன். மனிதர்களுக்கு இது ரொம்பக் காலமாகத் தெரியும். விழுந்ததைப் பிடித்து வைக்கத்தான் தெரியவில்லை. அப்புறம் வெள்ளி பூசிய தகடு வந்தது. அதை வைத்துக்கொண்டு ஒருவர் மாடி ஜன்னலிலிருந்து ஒரு பெரிய தெருவைப் படமெடுத்தார். வண்டியும் குதிரையும் ஜனங்களும் நெரிகிற தெரு, ஆனால் தகட்டில் ஈ காக்கை இல்லை. பல நிமிஷம் மூடியைத் திறந்து வைக்க வேண்டியிருந்ததால் நடந்தவர்கள், ஓடியவர்கள் யாருமே பதியவில்லை. ஓரமாக நின்று, காலைத் தூக்கி வைத்து, பூட்சுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதர் மட்டும் விழுந்தார். தான் படத்தில் விழுந்தது அவருக்கே தெரியாது. அவர் சும்மா நின்றார், அவ்வளவுதான்.

பிறகு, தலை ஆடாமல் இருக்க நாற்காலிக்குப் பின்னால் இரும்புப் பிடி வைத்த காலத்தைச் சொன்னேன். பழைய படங்களில் யாரும் சிரிப்பதில்லையே ஏன் என்று கேட்டேன். கழுத்தில் இரும்பை வைத்தால் நீங்கள் சிரிப்பீர்களா? கண்ணாடித் தகடு போய் ஃபிலிம் சுருள் வந்தது. ஃபிலிம் ஓடத் தொடங்கியதும் படமும் ஓடியது. அப்புறம் ஓட்டைகள் போட்ட வட்டத் தகட்டைச் சுழற்றி ஒரு முகத்தைக் கம்பியில் அனுப்பப் பார்த்தவர்கள், அந்த மங்கல் படத்தில் உதடு தெரியவேண்டுமே என்று நீலமும் கறுப்பும் பூசிக்கொண்டு பேய் மாதிரி நின்ற முதல் டிவி நடிகர்கள். டப்பாவைத் தூக்கி விளக்குக்கு முன்னால் காட்டினேன். எண்ணெய்த் தாளில் விளக்கு தலைகீழாகத் தொங்கியது. கேமராக்காரர் அசந்துபோய் லென்ஸைப் பக்கத்தில் கொண்டு வந்தார். கடைசியில் என் புள்ளிக்கு வந்தேன்.

முடிக்கும்போது எழுதி வைக்காத ஒன்று வாயில் வந்துவிட்டது. "எங்க வீட்டுல ஒருத்தர் சொல்லுவார், படம்னா நிக்கணும்னு. டிவில எதுவும் நிக்காது. இப்ப நான் பேசினதும் நிக்கப் போறதில்ல. ஆனா பாக்கறவங்க மனசுல நின்னா அதுவும் படந்தான்னு நான் நினைக்கறேன்." சிவப்பு விளக்கு அணைந்தது.

வீட்டுக்கு வந்தபோது அத்தை மாடிப்படியிலேயே காத்திருந்தாள். கட்டிப்பிடித்துக்கொண்டாள். அம்மாவுக்குக் கண் கலங்கியிருந்தது. மாமா கேமராவைக் கழுத்தில் மாட்டியபடியே என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"காத்தோட போகும்னு சொன்னியே, போகலம்மா. நான் பிடிச்சுட்டேன். நீ டப்பாவத் தூக்கின பாரு, அப்ப ஒண்ணு எடுத்தேன். ஃபிளாஷ நேரா அடிச்சா கண்ணாடில பளிச்சுனு அடிக்கும்ல? மாமா விடுவேனா? மேல்கூரைய பாத்துத் திருப்பி அடிச்சேன். வெளிச்சம் அங்க பட்டு ரூம் முழுக்கப் பூவாட்டம் இறங்கிச்சு."

கண்ணாடி போட்ட மாப்பிள்ளைகளை மாமா அப்படித்தான் எடுப்பார். தொழில் தெரிந்தவர்தான்.

"அப்பா வந்தாராம்மா?" என்று அம்மாவைத் தனியாக இழுத்துக் கேட்டேன்.

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "விளக்க அணைச்சுட்டு எல்லாரும் முன்னாடி உக்காந்திருந்தோம். அவர் கீழதான் இருந்தாரு போல."

கீழே போனேன். அப்பா கறுப்பு மேலங்கியோடு படங்களின் ஓரத்தை வெட்டிக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடி வழக்கம்போல நெற்றியில். கத்தி கரக் கரக்கென்று இறங்கியது. நான் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் தலையைத் தூக்கவில்லை. அழுகையை அவர் பார்க்க வேண்டாம் என்று மேலே வந்துவிட்டேன். மறுநாள் விடுதிக்குப் போய் அறையைப் பார்த்துவிட்டு வந்து பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்தேன்.

மாமாவின் ஃபிலிமில் பாதி ஒரு கல்யாணம். அதைக் கழுவுவது அப்பாவின் வேலை. கல்யாணப் படங்கள் காய்ந்து கவருக்குள் போன பிறகு, சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னார்:

"அந்த டிவிப் படம் விழலன்னு சொல்லிடு."

மாமாவுக்கு முகம் தொங்கிப்போனது. "கூரையில அடிச்சேனே மச்சான்," என்றார். அப்பா எழுந்து கை கழுவப் போய்விட்டார். ஆச்சரியமாக இருந்தது. மெழுகுவர்த்திக்கு ஒரு நாள் முழுக்க வறுத்தவர் இதற்கு ஒரு வார்த்தை திட்டவில்லை.

எனக்கு ஒரு விஷயம் புரியாவிட்டால் தூக்கம் வராது. நிலையத்து இன்ஜினியரிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

"டிவியே விளக்கு. விளக்குமேல வெளிச்சம் அடிச்சா என்ன ஆகும்? அமுங்கிடும். ரூம இருட்டாக்கி, கேமராவ ஸ்டாண்டுல நிறுத்தி, எட்டுல ஒரு பங்கு செகண்டாவது திறந்து வெச்சா புள்ளி முழுசா சுத்தி வரும், படமும் விழும்."

"அப்ப அந்த நெகட்டிவ் வெத்தாதான் இருக்குமா?"

"வெத்து எப்படி? அமுங்கினா மிச்சம் கண்ணாடிதானே. அணைச்ச டிவி முன்னாடி நின்னு பாரு. யார் தெரியறா?"

"நான்தான்," என்றேன். சொன்ன உடனே எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது.

அப்பா ஒரு வேலையாக வெளியே போயிருந்த மாலையில் அலமாரியைத் திறந்தேன். அப்பா நெகட்டிவைக் கிழிக்க மாட்டார். உறை இருந்தது, தேதி இருந்தது. வெளிச்சப் பெட்டியில் வைத்து உருப்பெருக்கியைக் கண்ணில் ஒட்டினேன். டிவிப் பெட்டி. நான் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குள் வளைந்துபோய், குட்டி குட்டியாக ஓர் அறை. நெகட்டிவ் என்பதால் எல்லாமே தலைகீழ் நிறம். கறுத்த முகத்தோடு அம்மா, வாயைப் பிளந்தபடி அத்தை, முகத்துக்குப் பதில் கேமராவோடு மாமா. அவர்களுக்குப் பின்னால் மாடிப்படிக் கதவு திறந்திருந்தது. படியின் இருட்டு நெகட்டிவில் பளீரென்று வெளிச்சமாக நின்றது. அந்த வெளிச்சத்தில் இரண்டு கறுப்புத் திட்டுகள். ஒன்று ஒரு முகம், இன்னொன்று தூக்கிய உள்ளங்கை.

இது நிஜமா என்று தெரிய வேண்டும். இருட்டறைக்குள் போய்த் தாழ் போட்டு, சிவப்பு விளக்கை ஏற்றி, அந்தக் கண்ணாடிப் பகுதியை மட்டும் பெரிதாக்கித் தாளில் விழ வைத்தேன். தாளை மருந்துத் தட்டில் நழுவவிட்டேன். முதலில் அத்தையின் தலைமுடி வந்தது. பிறகு அம்மா வந்தாள். கதவு கறுத்துக்கொண்டே வந்து, அதற்குள்ளிருந்து அந்த முகம் மெல்ல மேலே வந்தபோது வெளியே கதவு தட்டப்பட்டது.

"உள்ள யாரு?" அப்பாவின் குரல்.

அம்மா கடைக்குப் போயிருந்தாள். நடுவில் தந்திக் கம்பம் யாரும் இல்லை.

"நான்தான்."

அவர் சட்டம்தான், அவரே மீற முடியாது.

"வரலாமா?"

"இருங்கப்பா. தாள் மருந்துல இருக்கு."

நின்றார். தாளை எடுத்து அடுத்த தட்டில் போட்டு, அது நிலைத்ததும் தாழை நீக்கி, "வாங்க," என்றேன். உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டுத் தட்டைப் பார்த்தார். படத்தில் கறுப்பு மேலங்கி படியின் இருட்டோடு இருட்டாகப் போயிருக்க, நெற்றியில் மூக்குக் கண்ணாடியோடு அவர் முகம் மட்டும் மிதந்தது. பக்கத்தில் உள்ளங்கை. ஆடாதே என்று ஆட்களை நிறுத்துவாரே, அதே கை. வாய் பாதி திறந்திருந்தது.

"ஃபோகஸ் சரியில்ல," என்றார்.

"கை எதுக்குப்பா தூக்கியிருக்கீங்க?"

"அந்த மடையன் ஃபிளாஷ மேல திருப்பினான். போடப் போறான்னு தெரிஞ்சுது."

"வேணாம்னு சொல்லியிருக்கலாமே."

"வாயத் தொறந்தா எல்லாரும் திரும்பிப் பாத்திருப்பாங்க."

என்ன மனிதர் இவர்! இத்தனை நாளும் உள்ளேயே கொதித்த கோபம் அப்போதுதான் பொங்கி வந்தது. "உங்க வீம்புக்கு என்னோட ஒரே படம் போச்சு."

"போச்சு," என்றார். "அத நினைச்சா இப்பவும் ஆறல. ஸ்டாண்டு போட்டு மெதுவா எடுத்திருந்தா முழுசா விழுந்திருக்கும். டப்பாவத் தூக்கிட்டு நீ தலைய ஒரு பக்கமா சாய்ச்ச பாரு. நல்ல படம் அது."

மெதுவாக எடுக்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. புள்ளியைப் பற்றி நான் சொன்ன அன்றே கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்.

"அம்மா ஏதாவது சொல்லித்தான் மேல வந்தீங்களா?"

"உங்கம்மா என்ன சொன்னா?"

"ஒண்ணும் இல்ல," என்றேன். பெட்டியில் அடுக்கிய துணிகளை எல்லாம் மறுபடி எடுக்க வேண்டுமே என்று தோன்றியது. "எதுலேர்ந்து நின்னு பாத்தீங்க?"

அப்பா இடுக்கியால் தாளின் மூலையைத் தொட்டு மருந்துக்குள் அழுத்தினார். "முதல்லேர்ந்து. பாலிஷ் போட்டுக்கிட்டவர் கதை வந்ததும் இறங்கிடலாம்னுதான் பாத்தேன். காலு வரல." தாளைத் திருப்பிப் போட்டார். "இறங்கி ஓடியிருந்தா விழுந்திருக்க மாட்டேன். நின்னேன், விழுந்துட்டேன்."

ஃபிளாஷ் வெளிச்சத்தில் ஓடுகிறவனும்தான் விழுவான். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"தண்ணில நல்லா அலசு," என்றார். என்னிடமே சொன்னார்.